ஆறாம் கட்டிலின் தோத்திரம்

உப்பளத்தை விட்டு வெளியேறி நடந்துகொண்டிருந்தேன். வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து. திரும்பிப் பார்த்தால் சாகுபுரம் பக்கத்துப் புகைபோக்கி இன்னும் தெரிந்தது. முன்னால் தூத்துக்குடி ரோடு. தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு அலுமினியத் தட்டு. வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஒற்றைக் காலால் நடப்பதுதான் புதிது.

உப்பளத்தில் காலில் கீறல் விழுந்தால் சுலபத்தில் ஆறாது. எனக்குக் கணுக்காலுக்குக் கீழே விழுந்தது. முதலில் அரித்தது. பிறகு காந்தியது. பிறகு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. கங்காணி பார்த்துவிட்டு, "காலு ஆறுச்சுன்னா வால. ஆறலன்னா வராத" என்றார். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஒற்றைக் காலோடு பாத்தியில் உப்பு வார முடியாது.

ஆத்தூர் தாண்டியதும் உப்பு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னல காலு இது? பலாக்காயக் கட்டித் தொங்கவிட்டிருக்கியா?"

"வீங்கிருக்கு அண்ணாச்சி."

"அது தெரியுதுல்லா. ஏறு. உப்பு மேல வைக்காத கால. ஊர்ல உள்ளவன் கொழம்புல போடுத உப்பு."

துறைமுகத்துக்குப் போகிற வண்டி. ஊருக்குள் நுழையாமல் போகிற வழிதான் அவருக்குக் கிட்ட. இருந்தாலும் சுற்றிக்கொண்டு வந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். "உள்ள போயிப் படு. செத்துக்கித்துத் தொலைஞ்சிராத. என் வண்டியில ஏறுனவன் எவனும் இதுவரைக்கும் செத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்றே கீறிவிட்டார்கள். உள்ளேயிருந்து என்ன வந்தது என்பதை எழுதப் போவதில்லை. நீங்கள் காலைக் காபியோடு இந்த இதழைப் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் அவர் வருவதற்காக

ஆண்கள் வார்டில் ஏழாம் கட்டில் எனக்கு. ஜன்னலோரம். அதுவரை நான் படுத்த இடங்களில் அதற்குத்தான் மெத்தை இருந்தது. மூன்று வேளையும் எதையாவது சாப்பிடக் கொடுத்தார்கள். கால் மெதுவாக ஆறினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் ஒரு வார்டு எழுந்து இத்தனை வேலை செய்கிறதே, யாருக்காக? நோயாளிக்காக என்றுதான் முதல் நாள் நினைத்தேன். இல்லை. பெரிய டாக்டரின் ரவுண்ட்ஸுக்காக.

வார்டு ஆள் மாசிலாமணி பினாயில் வாளியோடு வந்து கட்டிலுக்கடியில் துடைப்பத்தைச் செருகுவார். பயிற்சிக்கு வந்த நர்ஸ் பெண்கள் எங்கள் வாயில் தெர்மாமீட்டரைச் சொருகிவிட்டு, அது வாயில் இருக்கும்போதுதான் "வெளிக்குப் போச்சா?" என்று கேட்பார்கள். அடுத்து போர்வை. அதை இழுத்து மெத்தைக்கடியில் மடித்து இறுக்குவார்கள் பாருங்கள், கால்விரலைக்கூட அசைக்க முடியாது. தபால் உறைக்குள் வைத்து ஒட்டியது மாதிரிக் கிடப்போம்.

கட்டிலுக்கடியில் இருந்த கூஜா, ஓலைப்பெட்டி, யாரோ மறைத்து வைத்திருந்த கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் வராந்தாவுக்குப் போகும். கூட இருக்கிற சொந்தக்காரர்கள் முற்றத்துப் பூவரச மரத்தடிக்குப் போக வேண்டும். உட்காரத் தெம்புள்ளவனும் படுத்துக்கொள்ள வேண்டும். படுத்திருந்தால்தான் நோயாளி.

இதற்கெல்லாம் தலைமை ஞானதீபம் சிஸ்டர். நாசரேத்துக்காரர். கஞ்சி போட்ட உடுப்பு, கஞ்சி போட்ட குரல். நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு 'உப்பளம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"ஏல உப்பளம், தலையணைய நிமித்து. பெரிய டாக்டர் பாத்தா ஆஸ்பத்திரின்னு நெனைக்கணும், சத்திரம்னு நெனைக்கப்பிடாது."

"சத்திரத்துல இவ்வளவு நல்ல தலையணை கெடையாது சிஸ்டர்."

"வாய்க்கும் ஒரு கட்டுப் போடச் சொல்லுதேன் இரு."

பிறகு வராந்தாவிலிருந்து "வாராரு, வாராரு" என்று ஒரு முணுமுணுப்பு ஓடிவரும். அவ்வளவுதான். இருமுகிறவன்கூட இருமலை அடக்கிக்கொள்வான்.

நேரம் போகிற வழி

ஊர்வலம் இப்படி வரும். முன்னால் பெரிய டாக்டர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். யாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பக்கத்தில் சின்ன டாக்டர். சார்ட்டுகளோடு சிஸ்டர். மருந்துத் தட்டோடு ஒரு நர்ஸ் பெண். கடைசியில் எனாமல் பேசினில் வெந்நீரும் தோளில் துண்டுமாக மாசிலாமணி.

சும்மா படுத்துக் கிடக்கிறவனுக்கு வேறென்ன வேலை? இந்த ஊர்வலம் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

கட்டிலுக்குக் கட்டில் டாக்டர் கை கழுவுவார். சோப்பு, தண்ணீர், துண்டு. என்னைப் போன்றவர்கள் கட்டிலில் கேள்விக்கும் பதிலுக்கும் ஆன நேரத்தைவிடக் கை கழுவித் துடைக்க ஆன நேரம் அதிகம். குறையாகச் சொல்லவில்லை. வெளியே புற நோயாளிகள் கூட்டம் வாசல் கேட் வரை நிற்கும். அதற்குப் பிறகு ஆப்பரேஷன்கள். அந்த மனிதர் எங்களுக்கு முன்னால் எழுந்தவர், எங்களுக்குப் பின்னால் தூங்குகிறவர்.

யாருக்காவது அபூர்வமான வியாதி என்றால் ஊர்வலம் அங்கே கூடாரம் போட்டுவிடும். இங்கிலீஷ் பறக்கும். இங்கிலீஷ் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு வியாதி பெரிது என்பது வார்டில் எங்கள் கணிப்பு. என் காலுக்கு "குட்" என்ற ஒரே வார்த்தைதான் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எட்டாம் கட்டிலில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். குடலிறக்கம். ராத்திரியெல்லாம் யோசித்துக் கேள்வி தயாரித்து வைத்திருப்பார். "டாக்டர், மோர் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்றால் புளித்ததா, புளிக்காததா?" அங்கே பேசின் தண்ணீர் ஆறிப்போகும்.

ஊர்வலம் வாசலைத் தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமுவோம். போர்வை கசங்கும். ஓலைப்பெட்டிகள் திரும்பும். ஊசி கொதிக்கிற வாசனை வரும். டாக்டர் நடந்துகொண்டே சொல்லிப்போனதையெல்லாம் சிஸ்டரும் அந்தப் பெண்களும் மத்தியானம் வரைக்கும் ஓடி ஓடிச் செய்வார்கள். கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, திட்டுவது. வைத்தியம் என்று நான் கண்டதெல்லாம் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகுதான் நடந்தது.

சூசை தண்டல்

ஆறாம் கட்டிலில் சூசை தண்டல் இருந்தார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போகிற பாய்மரத் தோணி. சரக்கு ஏற்றும்போது மூட்டை அடுக்கு சரிந்து, அவரைத் தோணியின் பக்கப் பலகையோடு வைத்து நசுக்கிவிட்டது. இடது பக்க விலாவில் அடி. எனக்கு முன்னாலேயே வந்து படுத்திருந்தார். எலும்பு முறியவில்லை, சில நாள் வைத்துப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

நல்ல உயரம். அவர் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிஸ்டரின் போர்வை தோற்றுப்போன ஒரே ஆள் அவர்தான்.

தினமும் டாக்டர் கேட்பார். "தண்டல், எப்படி இருக்குதுங்க?"

"சர்வேசுரனுக்குத் தோத்திரம், டாக்டரய்யா."

டாக்டர் சிஸ்டரைப் பார்ப்பார். சிஸ்டர் சொல்வார்: "நல்லாருக்காராம் டாக்டர்."

வயிற்றில் ஒரு கை வைத்து எடுப்பார். பேசின், துண்டு. ஏழாம் கட்டில்.

இங்கே என் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பளத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் நானும் தோணியில் சமையல் ஆளாக இருந்தேன். எங்கள் ஊர் ஆற்றங்கரை, வயல்காடு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனுக்குக் கடல் சோறு போடும் என்று யாரோ சொன்னார்கள். போட்டது, போட்டதை உடனே வாந்தியாக வாங்கிக்கொண்டது.

அந்தத் தோணியின் தண்டலும் கடற்கரைக்காரர்தான். ஒருநாள் கயிறு அறுந்து பாய் மொத்தமும் தண்ணீரில் விழுந்தது. அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்றார். கரை தெரிந்ததும் அதையே சொன்னார். நான் அடிப்பிடிக்க வைத்த சோற்றை ஒரு வாய் போட்டுவிட்டும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு அன்றைக்குப் பட்டினி கிடந்தார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் நல்லதா கெட்டதா என்று முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஞானதீபம் சிஸ்டர் வளர்ந்த நாசரேத்தில் அப்படியில்லை. ஜுரம் விட்டால், பிள்ளை பிறந்தால், பரீட்சை பாஸானால் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்வார்கள். அவருக்கு அது நல்ல செய்தியின் வார்த்தை. இரண்டு பேரும் ஒரே வேதக்காரர்கள்தான். நடுவில் பஸ் கட்டணம்கூட அதிகமில்லை. எங்கள் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? "முருகா" என்று ஒருவன் பெருமூச்சு விட்டால், சாப்பிட்ட திருப்தியா, முதுகு வலியா என்று யாருக்குத் தெரியும்?

ஜன்னலில் ஒரு முகம்

சூசை தண்டலின் மனைவி அமலோற்பவம். ரவுண்ட்ஸ் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கட்டிலடியில்தான் இருப்பார். எனக்கும் சேர்த்து மீன்குழம்பு கொண்டுவருவார். தண்டல் தட்டில் பிசைந்த சோறு அப்படியே கிடக்கும்.

"அண்ணாச்சி சரியாச் சாப்பிடலியே அக்கா?"

"எங்க எறங்குது? தோளு கடுக்குதுங்காரு. மூட்டை விழுந்தது விலாவுல, கடுக்குதது தோளு. எடது தோளு. அதையும் எங்கிட்டத்தான் சொல்லுவாரு. டாக்டரய்யாகிட்டச் சொல்லுமேன்னா, படிச்சவருக்குப் பாத்தாத் தெரியாதாங்காரு."

"சிஸ்டர்கிட்டச் சொல்லுங்களேன்."

"சொன்னேம்லா. காலமெல்லாம் கயிறு இழுத்த ஆளு, தோளு கடுக்காம இருக்குமாம்மான்னு கேட்டாக. அதுவும் நெசந்தான?"

எனக்கும் நிஜமாகத்தான் பட்டது.

மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர், "நாளைக்கு வீட்டுக்குப் போலாங்க தண்டல்" என்றார். தண்டலுக்குச் சந்தோஷம். தோணி சரக்கேற்றிக் காத்து நின்றது. இவர் போனால் பாய் விரித்துவிடலாம். வீட்டுக்குப் போகிற எண்ணமே அவருக்கு இல்லை என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும், டாக்டரைத் தவிர.

அந்த 'நாளை' விடிந்தது. தண்டலின் முகம் வெளுத்திருந்தது. காலைக் குளிர்ச்சியிலும் மேலுதடு வேர்த்திருந்தது. போர்வை இறுக்கப்பட்டது, ஓலைப்பெட்டி போயிற்று, அமலோற்பவம் அக்காவும் வெளியே போனார். ஆனால் பூவரச மரத்தடிக்குப் போகவில்லை. சுவரைச் சுற்றி வந்து என் ஜன்னலில் முகத்தை வைத்தார்.

"ஏ தம்பி! விடியுத வரைக்கும் புரண்டு புரண்டு படுத்தாரு. எந்திரிச்சு நின்னாக் கண்ணு இருட்டுதுங்காரு. இன்னைக்கு விட்டுட்டாகன்னா நேராத் தோணியிலதான் போயி நிப்பாரு. நடுக்கடல்ல எந்த டாக்டரு இருக்காரு? எனக்கு ஆளு திரும்பி வராதுய்யா. நீயாவது சொல்லேன்."

"நீங்களே ஜன்னல்ல இருந்து சொல்லுங்க அக்கா."

"சிஸ்டரு பாத்தா ராத்திரியும் உள்ள விடமாட்டாக. நீ சொல்லு."

ரவுண்ட்ஸில் அடுத்த கட்டிலைப் பற்றிப் பேசுவது என்பது அந்த வார்டில் நடக்காத காரியம். சிஸ்டர் சொன்னால் என்னையும் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடலாம். கால் முக்கால்வாசி ஆறித்தான் இருந்தது. போக இடம்தான் இல்லை.

"வாராரு, வாராரு" என்றது வராந்தா.

"தண்டல், எப்படி இருக்குதுங்க?"

"சர்வேசுரனுக்குத் தோத்திரம், டாக்டரய்யா."

"நல்லாருக்காராம் டாக்டர்."

"அப்பப் போலாங்க." சார்ட்டில் கையெழுத்து விழுந்தது. பேசின், துண்டு. என் கட்டில். "உங்களுக்கு எப்படிங்க?"

"எனக்கு நல்லாருக்கு சார். அவருக்குத்தான் நல்லால்ல."

மாசிலாமணியின் பேசினில் தண்ணீர் தளும்பியது. சிஸ்டர், "ஏல உப்பளம், வாய மூடு" என்றார்.

"அவரே தோத்திரம்னு சொல்றாருங்களே?" என்றார் டாக்டர்.

"அது நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல சார். பாய் கிழிஞ்சாலும் அவங்க அதத்தான் சொல்லுவாங்க. நான் தோணியில இருந்திருக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். திரும்பி, "அப்படிங்களா தண்டல்?" என்று கேட்டார்.

"சர்வேசுரனுக்குத்..."

"வாய மூடும்!" என்று ஜன்னலிலிருந்து ஒரு சத்தம். "தோளக் காட்டும்! எடது தோளக் காட்டும்!"

டாக்டரின் சிரிப்பு நின்றது. "தோளா? எந்தத் தோள்? எப்போ இருந்து?"

இரண்டே எட்டில் ஆறாம் கட்டிலுக்குத் திரும்பினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ரவுண்ட்ஸில் டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாடியைப் பிடித்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றின் இடது பக்கத்தை மெதுவாக அழுத்தினார். பாய் கிழிந்தாலும் தோத்திரம் சொல்கிற மனிதர், ஒன்றும் சொல்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இங்கிலீஷ் பறந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. ஞானதீபம் சிஸ்டர் ஓடினார். அவருக்கு ஓடத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாதியில் நின்ற ரவுண்ட்ஸ்

வயிற்றைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. தண்டலுக்கு உள்ளே மண்ணீரல் கிழிந்து, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. அந்த ரத்தம் உள்ளே சேர்ந்தால் இடது தோளில் வலியாகத் தெரியுமாம். தோணி ஆட்கள் ரத்தம் கொடுக்க வந்தார்கள். புயலில் கொழும்புக்குப் போய் வந்தவன் ஒருவன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, அவனுக்கும் ஒரு கட்டில் தேவைப்பட்டது.

வார்டில் எங்கள் நிலைமைதான் பரிதாபம். ரவுண்ட்ஸ் ஏழாம் கட்டிலோடு நின்றுவிட்டது. முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. எனவே எட்டாம் கட்டிலிலிருந்து அந்தப் பக்கம் எல்லோரும் போர்வை கசங்காமல் மத்தியானம் வரைக்கும் விறைப்பாகவே கிடந்தார்கள். வாத்தியாருக்கு என்மேல் கோபம். "நாலு கேள்வி வச்சிருந்தேன். எல்லாத்தையும் கெடுத்திட்டியே" என்றார்.

சாயங்காலம் சிஸ்டர் வந்தார். உடுப்பில் கஞ்சி மடிப்பு கலைந்திருந்தது. என் கட்டிலருகே நின்று, "பொழைச்சிருவாருன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றார். வேறு எதற்கோ நிற்கிற மாதிரி நின்றார்.

"எங்கப்பா சாகும்போதும் ஸ்தோத்திரம்னுதான் சொன்னாரு. நான் பக்கத்துல இருந்து கேட்டேன். நல்லாருக்குன்னா சொன்னாரு? எனக்குத் தோணாமப் போச்சு பாரு."

"கால நீட்டு" என்றார். அன்றைக்குக் கட்டை அவரே மாற்றினார். வலிக்கத்தான் செய்தது.

கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "நாளையில இருந்து ரவுண்ட்ஸுக்கு ஒவ்வொரு கட்டில்லயும் வீட்டாளு ஒருத்தர் வந்து நிக்கணுமாம். டாக்டர் உத்தரவு. சந்தையாயிரும் டாக்டர்ங்கேன், ஆகட்டுங்கங்காரு. அந்தந்தக் கட்டில் வரும்போது அந்த ஆளை மட்டும் கூப்பிட்டு உள்ள விடணும். மத்தவங்களத் தடுக்கணும். மாசிலாமணிக்கு ரெண்டு கைதான் இருக்கு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்குப் போக எடம் இருக்கால?"

"இல்ல சிஸ்டர்."

"சத்தமாப் பேசுவியான்னு கேக்க வேண்டாம். காலைலேயே கேட்டாச்சு."

மறுநாள் காலை, கட்டுப் போட்ட காலோடு ஆண்கள் வார்டு வாசலில் வேலைக்கு நின்றேன். எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பூவரச மரத்தடிக் கூட்டம் மொத்தமும் முண்டியது. எல்லோருக்கும் டாக்டரிடம் சொல்ல ஏதோ இருந்தது. "ஏ, நேத்து வரைக்கும் படுத்துக் கெடந்த பயலுக்கு இன்னைக்கு அதிகாரத்தப் பாரு" என்று ஒரு கிழவர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

தண்டலை சிஸ்டர் மேஜைக்குப் பக்கத்திலேயே முதல் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். மூக்கில் குழாய், கையில் குழாய். ஊர்வலம் வந்து நின்றது.

"ஒண்ணாம் கட்டில் ஆளு!" என்று கத்தினேன். அமலோற்பவம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார்.

"தண்டல், எப்படி இருக்குதுங்க?"

தண்டலின் உதடு அசைந்தது. அது வார்த்தையாவதற்குள் அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"அவரக் கேக்காதீக டாக்டரய்யா. என்னயக் கேளுங்க."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கூரையைப் பார்த்தார். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா" என்றார். அக்கா வெங்காய மூட்டை விழுந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். மாசிலாமணி பேசினைத் தரையில் வைத்தார். நான் வாசல் பக்கம் திரும்பி, "ரெண்டாம் கட்டில் ஆளு யாரு? கிட்ட வந்து நில்லுங்க. கொஞ்ச நேரமாகும்" என்றேன்.